தோட்டம் காலியான கதையும் ஒரு பட்டப்படிப்பும்

மலேசியாவில் எஸ்.டி.பி.எம். என்னும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வின் முடிவு வந்த கையோடு, அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பப் பேச்சு வீட்டுக்கு வீடு தொடங்கிவிடும். மருத்துவம் கிடைக்குமா, சட்டத்துக்குப் புள்ளி போதுமா, கணக்கியலுக்கு எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மேம்பாட்டு ஆய்வு, மேம்பாட்டுத் திட்டமிடல், சமூகவியல், பொதுக்கொள்கை என்று சில வரிகளும் அந்தப் பட்டியலில் இருக்கும். கண் அங்கே நிற்பதில்லை. "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போறது?" என்று யாராவது கேட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது.

கேள்வி நியாயமானதுதான். பதிலும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தப் படிப்புக்குள் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று பார்த்துவிடலாம். ஒரு நாட்டில் யார் ஏழை என்று யார் முடிவு செய்வது, தோட்டத்தை விற்றால் லயத்தில் இருந்தவர்கள் எங்கே போவார்கள், தொழிற்சாலை வந்தால் கூலி ஏறுமா, அரசாங்கத் திட்டம் ஏன் சிலர் வாசலுக்கு வருகிறது, சிலர் வாசலைத் தாண்டிப் போகிறது: இவையெல்லாம் இங்கே பாடங்கள். மலேசியத் தமிழர்களின் கடந்த நூறு ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானித்த முடிவுகளும் இவைதான். அப்படிப்பட்ட படிப்பில் நம் பிள்ளைகள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து, காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற காலத்தில் பிறந்தது. 1949 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தம் பதவியேற்பு உரையில், வளர்ச்சி குன்றிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி தருவதை ஒரு கொள்கையாகவே அறிவித்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் பொருளாதாரம், சமூகவியல், அரசியல், புவியியல் நான்கும் சேர்ந்த ஒரு படிப்பாக அது உருவெடுத்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு கழகம் 1966இல் அமைந்தது. அதே 1966இல்தான் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார, நிர்வாகப் புலமும் தொடங்கியது. மேம்பாட்டு ஆய்வுக்கென ஒரு துறை அந்தப் புலத்தில் நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. பினாங்கில் 1969இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் பிரிவில் மேம்பாட்டுத் திட்டமிடலும் நிர்வாகமும் ஒரு முதன்மைப் பாடம்.

படிப்பின் அமைப்பை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மலேசியத் தகுதி விதிப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். முதலாண்டில் பொருளாதார அடிப்படை, புள்ளியியல், சமூகவியல் அறிமுகம், கட்டாயப் பொதுப் பாடங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்துதான் துறையின் சொந்தச் சரக்கு வரும்.

முதலில் வருவது மேம்பாட்டுக் கோட்பாடுகள். மாணவர்கள் பலர் இதை மனப்பாடம் செய்து தப்பித்துக்கொள்வார்கள். தமிழ் மாணவருக்கு அது பெரிய இழப்பு. ஆர்தர் லூயிஸை எடுத்துக்கொள்வோம். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்தவர், 1979இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அவர் 1954இல் எழுதிய கட்டுரை இன்றும் இந்தப் பாடத்தின் முதல் வாரத்தில் வரும். பழைய விவசாயத் துறையில் வேலைக்கு வேண்டியதைவிட அதிக ஆட்கள் இருப்பார்கள். புதிய முதலாளித்துவத் துறை அவர்களை இழுக்கும். அங்கே தேங்கி நிற்கும் ஆள்பலம் தீரும்வரை இங்கே கூலி ஏறாது. சாரம் இவ்வளவுதான்.

இதை மலாயா ரப்பர் தோட்டத்தோடு வைத்துப் பாருங்கள். பாலெடுக்க மரம் வெட்டியவரின் கூலி ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது? சோம்பல், படிப்பின்மை என்று தோட்டத்துரைகள் சொன்ன காரணங்கள் ஒரு பக்கம் கிடக்கட்டும். லூயிஸின் விடை வேறு. அந்த ஆள் தோட்டத்துக்கு வராமல் ஊரிலேயே இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் கூலியின் அடித்தளம். தஞ்சாவூர், சேலம், வடஆற்காடு கிராமங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த சொற்ப தானியம்தான் கப்பலேறியவரின் கூலியையும் இறுக்கிப் பிடித்தது. அவர் வெட்டிய பாலுக்கு லண்டனில் என்ன விலை என்பது அந்தக் கணக்கிலேயே வரவில்லை. பயண உதவி பெற்றுக் கூலியாட்கள் மலாயாவுக்குப் போவதற்கு இந்திய அரசு 1938இல் தடை விதித்தது. ஆள் வரத்துக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பை ஆராய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? லூயிஸைப் படிக்கிற உலக மாணவர்களில் இதைத் தாத்தா வாயால் கேட்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. நம் பிள்ளைகள் அந்தச் சிலரில் உண்டு.

அப்புறம் பர்மாவில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த ஃபர்னிவல் வருவார். காலனி நாட்டில் இனங்கள் சந்தையில் மட்டுமே சந்தித்துக்கொள்ளும், ஒன்றாகக் கலக்காது என்றவர். லத்தீன் அமெரிக்காவின் பிரெபிஷும், அங்கே பணியாற்றிய குண்டர் ஃபிராங்கும் வருவார்கள். மூலப்பொருள் விற்கும் நாடு எந்நாளும் நட்டத்தில்தான் நிற்கும் என்பது இவர்கள் வாதம். மலேசியா ரப்பர், ஈயத்திலிருந்து மின்னணுப் பொருளுக்குத் தாவியதை வைத்து இந்த வாதத்தை உரசிப் பார்க்கலாம். வகுப்பில் நல்ல சண்டை வரும் இடம் இது.

அடுத்தது கொள்கையும் திட்டமிடலும். இதன் மையத்தில் நிற்பது 1971 முதல் 1990 வரை நடந்த புதிய பொருளாதாரக் கொள்கை. இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது ஒன்று, இனத்தையும் தொழிலையும் பிணைத்திருந்த நிலையை மாற்றுவது இன்னொன்று. நோக்கம் இரண்டு. 1970இல் தீபகற்ப மலேசியாவின் குடும்பங்களில் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்தன. அது பிறகு மளமளவென்று குறைந்தது உண்மை. அந்தச் சாதனையை மறுக்க எனக்கு மனம் வராது.

ஆனால் தோட்டப்புறம் அந்தத் திட்ட வரைபடத்தில் எங்கே இருந்தது? ஊரகம் என்றால் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமம், நெல் வயல், மீனவர் குடியிருப்பு, 1956இல் தொடங்கிய ஃபெல்டா நிலத்திட்டம். தோட்டமோ தனியார் நிலம். தண்ணீர்க் குழாய், சாலை, விளக்கு எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று விடப்பட்டது. நிர்வாகம் செய்தால் உண்டு. அதற்கும் முன்பே, 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியிருந்தார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். வேலையும் போனது, வீடும் போனது. இந்தத் தோட்டத் துண்டாடலைப் பற்றி முறையாக ஆய்வு செய்தவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ். அதே நெருக்கடியில்தான் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். உலகத்தில் எந்த மேம்பாட்டு வகுப்பிலும் தொழிலாளர் கூட்டுறவுக்கு எடுத்துக்காட்டாக வைக்கத் தகுந்த முயற்சி அது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி இறுகியபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்கே திரும்பினார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பகுதியினர் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புக்கும், பிறகு அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் பாடம்: வறுமையையும் ஏற்றத்தாழ்வையும் அளப்பது. பெயரைக் கேட்டால் புள்ளியியல் வாடை அடிக்கும். மாணவர்கள் ஒதுங்குவார்கள். ஆனால் மற்ற பாடங்கள் எல்லாம் நிற்பது இதன் மேல்தான்.

உங்கு அசிஸ் சொன்ன சாரோங் அளவுகோலில் தொடங்குவது வழக்கம். வருமானத்தைக் கேட்டால் கிராமத்து ஆட்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, சிலர் சொல்லவும் மாட்டார்கள். ஆகவே வீட்டில் எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணி, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தார். ஆளுக்கு ஒன்றுகூட வரவில்லை என்றால் அந்த வீடு ஏழை வீடு. கட்டிக்கொள்ள ஒன்று, துவைத்துக் காயப்போட ஒன்று என்ற நிலைக்கு வந்துவிட்டதா என்பது ஒரு குடும்பத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். கேள்வி எளிது, பொய் சொல்வது கடினம். நல்ல அளவுகோலுக்கு இரண்டும் வேண்டும்.

அரசாங்கம் பயன்படுத்துவது வறுமைக்கோட்டு வருமானம். ஒரு குடும்பத்தின் வயது, ஆண் பெண் கணக்கைப் பார்த்து உணவுச் செலவைப் போடுவார்கள். அதன்மேல் வாடகை, உடை, போக்குவரத்து போன்றவற்றைச் சேர்ப்பார்கள். 2016இல் இந்தக் கோடு மாதம் 980 ரிங்கிட்டில் நின்றது. நாலு பேர் குடும்பம் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 245 ரிங்கிட், நாளைக்கு எட்டு ரிங்கிட்டும் சில காசும். கோலாலம்பூரில் அதில் சாப்பிட்டு, பஸ் ஏறி, வாடகையும் கட்ட வேண்டும். இந்தக் கோட்டை வைத்துத்தான் நாட்டின் 2016ஆம் ஆண்டு வறுமை 0.4 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் வந்த ஐ.நா.வின் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன், இந்த எண் நம்பத் தக்கதல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். 2020 ஜூலையில் கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. புதிய கணக்கில் 2019இன் வறுமை 5.6 விழுக்காடு. யாருடைய வாழ்க்கையும் ஒரே இரவில் கெட்டுவிடவில்லை. கோடு நகர்ந்தது, ஏழைகள் கணக்கில் தெரிந்தார்கள்.

இதைப் படித்த மாணவர் அதற்குப் பிறகு எந்த விழுக்காட்டையும் அப்படியே விழுங்க மாட்டார். கோட்டை யார் வரைந்தது, எந்த ஆண்டு விலை, எந்தக் குடும்பங்களைக் கேட்டார்கள் என்று திருப்பிக் கேட்பார். குடும்ப வருமானக் கணக்கெடுப்பு குடிமக்களின் வீடுகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு ஐம்பது ஆண்டு இருந்த பாட்டி எந்தக் கணக்கில் வருவார்? பிறப்புப் பத்திரம் இல்லாமல் போன பிள்ளை? நம் சமூகத்தில் இவர்கள் புதியவர்கள் இல்லை. ஆனால் வறுமை எண்ணில் இவர்களுக்கு இடமில்லை.

வருமானம் ஒன்றே போதாது என்ற வாதமும் இந்தப் பாடத்தில்தான் வரும். அமர்த்தியா சென்னின் சிந்தனையை ஒட்டி, பாகிஸ்தானின் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று 1990இல் ஐ.நா. மனித மேம்பாட்டுக் குறியீட்டை வெளியிட்டது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் அதில் உண்டு. மலேசியா தன் 11ஆம் ஐந்தாண்டுத் திட்டத்தில் பல்முனை வறுமைக் குறியீட்டையும் எடுத்துக்கொண்டது. கல்வி, நலவாழ்வு, வாழ்க்கைத்தரம், வருமானம் என நான்கு முனை, 11 குறியீடுகள். ஆனாலும் பி.பி.ஆர். எனப்படும் அரசாங்கக் குறைந்த வாடகை அடுக்குமாடியில் இதைப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் புரியும். மாதம் 124 ரிங்கிட் வாடகையில் மூன்று அறை வீடு, குழாய்த் தண்ணீர், மின்சாரம், கழிப்பறை எல்லாம் இருக்கும். குறியீட்டில் கட்டங்கள் நிரம்பிவிடும். யூனிசெஃப் 2018இல் கோலாலம்பூர் வட்டாரக் குறைந்த விலை அடுக்குமாடிகளில் எடுத்த ஆய்வு வேறு படம் காட்டியது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இரட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், குழாயும் மின்சாரமும் உள்ள வீட்டில் பிள்ளை வளராமல் நிற்கிறது. சோறு வயிற்றை நிரப்பியது, சத்து கிடைக்கவில்லை.

பினாங்குக்கு வருவோம். தொழில்மயமாதல் என்ற பாடத்தை உலகில் எங்கே நடத்தினாலும் பாயான் லெப்பாஸ் பெயர் வர வாய்ப்புண்டு. 1969இல் பினாங்கு தன் சுங்கவரி இல்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1970இல் நேத்தன் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒரு பெருந்திட்டம் தந்தது. முதலமைச்சர் லிம் சோங் இயூ 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வட்டாரத்தைத் திறந்தார். இன்டெல், ஹியூலெட் பேக்கர்ட், பாஷ், ஹிட்டாச்சி என்று ஒவ்வொன்றாக வந்தன. வரிசையில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வேலை செய்த கைகள் பெரும்பாலும் இளம்பெண்களுடையவை. பெண்களும் மேம்பாடும் என்ற பாடக்கூறில் இவர்கள் கதை முக்கியம். கையில் சம்பளம் வந்தது, வீட்டில் பேச்சுக்கு மதிப்பு வந்தது. கண்வலியும் இரவு வேலையும் கூடவே வந்தன.

பினாங்கின் இன்னொரு சிறப்பு, படிப்பு பல்கலைக்கழக மதிலைத் தாண்டியது. ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் வங்கதேசத்தின் கிராமீன் வங்கியைப் பார்த்து அறிவியல் பல்கலைக்கழகக் கொள்கை ஆய்வு மையத்தின் டேவிட் கிப்பன்ஸும் சுகோர் காசிமும் 1986இல் வடமேற்குச் சிலாங்கூரில் ஒரு சோதனைக் கடன் திட்டம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு அதுவே அமானா இக்தியார் மலேசியா என்ற சிறுகடன் நிறுவனம் ஆனது. இந்தியப் பெண்களுக்கென்று அதே நிறுவனம் 50 மில்லியன் ரிங்கிட்டில் 'பெண்' திட்டத்தை 2024இல் தொடங்கியது. ஏன் இவ்வளவு தாமதம், சிறுகடன் உண்மையில் வறுமையைக் குறைக்கிறதா என்பதெல்லாம் நல்ல இளங்கலை ஆய்வேட்டுக்கு உரிய கேள்விகள். முகமது இத்ரிஸ் பல்லாண்டு தலைமையேற்ற பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், மார்ட்டின் கோர் வழிநடத்திய மூன்றாம் உலக வலைப்பின்னலும் இந்தத் தீவிலிருந்தே உலக வணிக விதிகளைக் கேள்வி கேட்டன. பினாங்கில் பிறந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோமோ குவாமே சுந்தரம் ஐ.நா.வில் பொருளாதார மேம்பாட்டுக்கான உதவித் தலைமைச் செயலாளர் பொறுப்பு வரை போனார்.

அதே தீவில், அதே குளுகோரில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கம்போங் புவா பாலா இருந்தது. மாடு வளர்த்துப் பால் கறந்து வாழ்ந்த தமிழர் கிராமம். தலைமுறைகளாக இருந்த மண் என்பது குடியிருந்தவர்களின் வாதம். பட்டா வேறு பெயரில் இருந்தது. நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2009இல் வீடுகள் இடிந்தன. குடும்பங்கள் பலவற்றுக்கு மாடி வீடு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாட்டுக்குத் தொழுவம் கிடைக்கவில்லை. இழப்பீடு என்றால் சுவருக்கு மட்டுமா, பிழைப்புக்கும் உண்டா? நில உரிமை பற்றிய பாடக்கூறு கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

கடைசியாகக் கள ஆய்வு முறைகள். சில இடங்களில் இதை நாலு வகுப்பு எடுத்து, ஒரு கேள்வித்தாளைத் தயாரிக்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது போதாது. அடுக்குமாடி வாசலில் நின்று, "ஆண்ட்டி, வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டால், "நாலு பேருதாம்மா" என்று பதில் வரும். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால்தான் இரவு வேலை முடிந்து வந்து கூடத்தில் தூங்கும் தம்பியும், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அக்கா மகளும் பேச்சில் வருவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் இல்லை, அதனால்தான் முதலில் சொல்லவில்லை. நாலு ஆறாக மாறினால் தலைக்கு வருமானம் மாறும், அந்த வீடு கோட்டுக்கு மேலா கீழா என்பதும் மாறும். இங்கே தமிழ் பேசும் மாணவருக்கு இருக்கிற பலம் பெரிது. மலாயில் கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்கிற அம்மா, தமிழில் கேட்டால் தோட்டத்தில் விடியற்காலை ஆளெண்ணிய பிரட்டிலிருந்து தொடங்குவார்.

சரி, வேலை. பொருளாதார அமைச்சு, புள்ளிவிவரத் துறை, நகராண்மைக் கழகங்கள், பினாங்குக் கழகம், கசானா ஆய்வுக் கழகம் போன்ற ஆய்வு அமைப்புகள், கோலாலம்பூரில் உள்ள ஐ.நா. அலுவலகங்கள், தொண்டு அமைப்புகள் ஆகியவை நேரான வழிகள். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய நிலைத்தன்மை அறிக்கை வெளியிடக் கடமைப்பட்டிருப்பதால் அந்தப் பக்கமும் ஆள் தேவைப்படுகிறது. தொடக்கச் சம்பளத்தில் மருத்துவரோடு போட்டி போட முடியாது. ஆனால் புள்ளியியல் மென்பொருளும் நல்ல மலாய், ஆங்கில எழுத்தும் கைவசம் இருந்தால் வேலைக்கு அலைய வேண்டியிருக்காது என்பது என் கணிப்பு. அவை இல்லாமல் கோட்பாடுகளை மட்டும் படித்து வெளியே வந்தால் சிரமம்தான்.

எனவே பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பல்கலைக்கழகத் திறந்த நாளில் பாடத்திட்டக் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். வறுமை அளவீடு தனிப் பாடமாக இருக்கிறதா, வேறு பாடத்தில் ஒரு வாரமாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். களப்பணிக்கு எத்தனை கிரெடிட், தரவை மாணவரே சேகரிக்கிறாரா, மேற்பார்வையிடும் விரிவுரையாளர் கூட வருகிறாரா என்று கேளுங்கள். பொருளாதாரம் என்ற பெயரிலேயே இவை எல்லாம் இருக்கும் பட்டங்களும் உண்டு. மேம்பாடு என்ற பெயரில் நிர்வாகப் பாடங்களை மட்டும் அடுக்கிய பட்டங்களும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள், வெளிப்புலப் பாடம் எடுக்க விதி இடம் கொடுத்தால் இந்திய ஆய்வியல் துறையில் ஒரு பாடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது, தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் அது இன்று எந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரைப் பார்க்கப் போகலாம்.